கத்தும் சித்தப்பா

செல்போன் கம்பெனி வேலைக்கான நேர்காணல் போனில் நடந்தது.

"சத்தமா இருக்கே, வேற ரூமுக்குப் போங்கம்மா," என்றார் அதிகாரி.

"இருக்கறதே ஒரு ரூம்தான் சார். நான் படிச்சதும் இதுலதான்."

"சரி. ஒரே அலைவரிசையில எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா எப்படிப் பிரிப்பீங்க?"

"ஆளுக்கொரு குறியீடு சார். அதை வச்சு வேண்டிய குரலை மட்டும் எடுக்கலாம்."

"அப்படியும் சிலர் குரல் அமுங்கிப் போகுதே, ஏன்?"

பதில் தெரியும். ஆனால் பக்கத்தில் சித்தப்பா யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வெடித்துவிட்டது.

"சித்தப்பா, பக்கத்துல இருக்கறவங்க கத்தினா தூரத்துல இருக்கறவர் குரல் எப்படிக் கேக்கும்? கொஞ்சம் குறைங்க!"

வீடே அடங்கியது. வேலை போச்சு என்று நினைத்தேன்.

அதிகாரி சிரித்தார். "அதேதான்மா பதில். திங்கட்கிழமை வந்து சேருங்க."

சித்தப்பா கிசுகிசுத்தார்: "இப்ப நான் பேசலாமா?"