ஜிப்ரி வேண்டாமென்ற மாப்பிள்ளை

ஏறாவூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஜிப்ரிக்கு ஐம்பத்தாறு வயது. சாமான் விலை ஏறிய நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வயது போன காலத்துக்கென்று அவரிடம் மிஞ்சியிருப்பது குடியிருக்கும் வீடு மட்டும்தான். ஊர் வழக்கப்படி அதையும் மகள் ஸாதியாவின் கலியாணத்தோடு அவள் பேருக்கு எழுத வேண்டும். அதனால் நல்ல இடமொன்று வந்தபோது, கலியாணத் தரகரிடம் மெல்ல வேண்டாமென்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து, "அவங்களுக்குப் புடிக்கல்லயாம்" என்றார்.

மறுவாரம் ஸாதியா முகம் வெளுக்கும் கிரீம் ஒன்றோடு கண்ணாடி முன்னால் நின்றாள்.

"இது என்னத்துக்கு மகள்?"

"நான் கறுப்பெண்டுதானே வாப்பா அவங்க வேணாமெண்ட? எனக்காக நீங்கதான் ஊருக்குள்ள தலகுனியிறீங்க, பாவம்."

சாயம் போகிற சீலையைப் போகாதென்று சத்தியம் பண்ணி விற்ற வாய்க்கு இந்தப் பொய் மட்டும் கசந்தது. கிரீமை அவள் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தார். பிறகு அவள் முன்னாலேயே தரகருக்குப் போனில் கோல் எடுத்தார்.

"காக்கா, அவங்கள வரச் சொல்லுங்க. ஊட்ட மகள்ட பேருக்கு எழுதித் தாறன். அண்டைக்கு வேணாமெண்டது நான்தான் எண்டும் சொல்லுங்க."

ஸாதியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜிப்ரி தலையை நிமிர்த்தவில்லை.