மூன்றாவது ரிப்போர்ட்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும். இது எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அன்று காலை பத்து மணிக்கே சிவந்துவிட்டது. ஐம்பது வால்வைச் சோதித்ததில் பதினொன்று வாயைத் திறக்கவில்லை.

நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் இருக்கிறது எங்கள் சின்னக் கம்பெனி. ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக்கை உருக்கி, மெஷினில் மோல்டுக்குள் பாய்ச்சி, நெபுலைசர் முகமூடிக்கான மூச்சு வால்வு செய்கிறோம். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். முன்பக்கம் வாத்தின் மூக்கு போல இரண்டு மெல்லிய உதடு. குழந்தை மூச்சு விட்டால் உதடு திறக்க வேண்டும், இழுத்தால் மூட வேண்டும். அது ஒட்டிக்கொண்டு நின்றால் என்னாகும் என்று நினைத்தாலே எனக்குப் பதறும். ஆகவே நான் கண்டிப்பானவள். ஜுஹைனா மேடம் கம்பெனிக்கு முதலாளி என்றால், சோதனை மேஜைக்கு இந்த சுமைராதான் முதலாளி.

மெஷின் ஓட்டுவது தங்கையண்ணன். இந்த மெஷின் வந்திறங்கிய நாளிலிருந்து, ஆறு வருஷமாக, அவர்தான் ஓட்டுகிறார். நேராக அவரிடம் போனேன்.

"அண்ணே, மோல்டு ஆறுததுக்கு முன்னாடியே திறக்கீங்க. அதான் உதடு ஒட்டுது."

"பதினெட்டு செகண்டு மக்கா. ஒரு செகண்டு கொறைச்சதில்ல. எனக்க மெஷின் பொய் சொல்லாது."

"அப்பம் நான் பொய் சொல்லுதேனா?"

அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மெஷின் கதவைத் துடைத்தார். கடந்த இரண்டு வாரத்தில் 'ஆபரேட்டர் தவறு' என்று அவர் பேரில் நான் எழுதிய ரிப்போர்ட் இரண்டு. மாதத்தில் மூன்று ஆகிவிட்டால் மெஷினை விட்டு இறக்கி, அட்டைப்பெட்டி ஒட்டும் அறைக்கு அனுப்பிவிட வேண்டும். அந்த விதியை எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்கியவளும் நான்தான். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் மேஜைக்குத் திரும்பி மூன்றாவது ரிப்போர்ட்டை எடுத்தேன்.

பேரை எழுதி முடிப்பதற்குள் மேடம் வந்துவிட்டார்.

"சுமைரா, நானும் ஒருக்க பாக்கட்டா?"

என் சோதனையை இன்னொருவர் சோதிப்பதா! மூக்கு இன்னும் சிவந்திருக்கும். எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். மேடம் கையுறை மாட்டிக்கொண்டு, அதே தட்டில் நான் சோதிக்காமல் மீதியிருந்ததில் பத்து வால்வை எடுத்து, ஒவ்வொன்றாகக் காற்றுக்குழாயில் வைத்து அழுத்தினார். பத்தும் புஸ் புஸ்ஸென்று திறந்தன. இன்னும் பத்து எடுத்தார். அதுவும் திறந்தது.

"நீங்க பிசிறு பாக்கல்ல மேடம்," என்றேன் விடாமல்.

உதட்டின் ஓரத்தில் மயிரிழை போலப் பிளாஸ்டிக் பிசிறு நின்றுவிடும். அதைக் கையுறையோடு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு அதெல்லாம் சரிப்படாது. வலது கையுறையைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் ஒரு தடவு தடவினால் எந்தப் பிசிறும் தெரிந்துவிடும். என் விரல் கண்ணாடியைவிட மேல் என்று பீற்றிக்கொள்வேன். மேடம் பாஸ் பண்ணிய அதே பத்தை எடுத்துத் தடவிப் பார்த்து, குழாயில் வைத்தேன்.

மூன்று திறக்கவில்லை.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் என் கண்ணெதிரே திறந்த வால்வுகள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தங்கையண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து என் பெருவிரலையே பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பாக ஒரு கறை இருந்தது.

"மக்கா, வீட்டுல சக்கை வெட்டினியா?"

அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது. திற்பரப்பிலிருந்து என் சாச்சி இரண்டு வாரமாக பஸ்ஸில் சக்கை, அதாவது பலாப்பழம், ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். பிசின் ஒட்டாமலிருக்க முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, காலையில் சக்கை வெட்டி வைத்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறேன். சோப்புப் போட்டுக் கழுவினேன்தான். ஆனால் நகக்கண்ணில் பிசினும் எண்ணெயும் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் தடவத் தடவ உதடு ஒட்டியிருக்கிறது. தலையில் எண்ணெய் வைத்து வந்தவர்களை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியவள் நான்!

முதலில் சிரித்தது மேடம். பிறகு தங்கையண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். முந்தைய ரிப்போர்ட்டுகளில் நான் தள்ளிவைத்த இரண்டு லாட் வால்வும் அறையில் அப்படியே பூட்டிக் கிடந்தன, திரும்பச் சோதித்தால் போதும். அந்த மட்டும் தப்பித்தேன்.

தங்கையண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு ரிப்போர்ட்டு வந்தத வீட்டுல ஒண்ணும் சொல்லல்ல மக்கா. மூணாவதும் வந்திரும்னு நெனச்சு, நேத்து ஷிப்ட் முடிஞ்சதும் மெஷினத் தொடச்சிட்டு, போயிட்டு வாரேன்னு அதுட்ட சொல்லிட்டுதான் போனேன், கேட்டியா."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று ரிப்போர்ட்டையும் மேஜையில் பரப்பினேன். அவர் பேரை அடித்து, 'சோதனையாளர் தவறு' என்று திருத்தி, என் பேரை எழுதினேன். மூன்று ஆகிவிட்டது, விதி எனக்கும்தான். பெட்டி ஒட்டப் போகிறேன் என்று மேடத்திடம் சொன்னேன். அவர் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாமென்று சொல்லவில்லை.

"மன்னிச்சிருங்க அண்ணே," என்றேன். பிறந்ததிலிருந்து நான் அதிகம் சொல்லாத வார்த்தை.

"வாயால சொன்னா பத்தாது. எழுதிக் குடு."

'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதினேன்: 'தங்கையன் மீது எந்தத் தவறும் இல்லை. மன்னிக்கவும். – சுமைரா.' அவர் கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். பிறகு தாளை மேடத்திடம் நீட்டினார்.

"இதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தாங்க மேடம். இன்னைக்கு வீட்டுல எல்லாத்தையும் சொல்லணும்."