முட்டை இறங்கும் நேரம்

தமிழரசன் கிழித்த தீக்குச்சியை ஜோதிமணி ஒரே ஊதலில் அணைத்தாள்.

"தள்ளுக்கா!"

அவன் காலடியில் சரவெடி பிரிந்து கிடந்தது. மேளக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குள் அப்பா கரியப்பன், கழுத்து நிறைய மாலையோடு. பந்தலை ஒட்டினாற்போலவே கோழி ஷெட்.

"மத்தியானம் வரைக்கும் சத்தம் வேணாம்டா. முட்டை இறங்கற நேரம்."

"பொணத்தை வெச்சுக்கிட்டு முட்டைக்குக் காவலா?" சித்தப்பா பொன்னுசாமி துண்டை உதறினார். "இன்னிக்கு வெள்ளி. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள எடுக்கணும்."

"எடுங்க சித்தப்பா. மேளம் வேணாம், வெடி வேணாம்."

கூட்டம் முணுமுணுத்தது. சூளகிரி கம்பெனியில் தமிழரசனோடு வேலை செய்பவர்கள் பைக்கை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அவன் குரல் உயர்ந்தது.

"எங்கப்பன் என்ன அநாதைப் பொணமா? ஊரே காறித் துப்பும்க்கா!"

"இப்பத்தான் முட்டைக்கு வந்த கோழிடா. உள்ள ஒரு ஹார்மோன் சுரந்து 'தள்ளு'ன்னு சொன்னாத்தான் கர்ப்பப்பை நெருக்கும். பயந்துச்சுன்னா வேற ஒண்ணு சுரந்து அதைப் பிடிச்சு நிறுத்திடும். முட்டை உள்ளயே நின்னுடும். பின்னால வர்ற மஞ்சக்கரு வழி தப்பி வயித்துக்குள்ள விழுந்து அழுகும். போன வருசம் திருவிழா வெடியில பார்த்தியில்ல? செத்த கோழிகளைச் சாக்குச் சாக்கா குழியில கொட்டினோம். இதுவும் போனா ஷெட்டைப் பூட்டறதுதான்."

"டாக்டரம்மா பாடம் நடத்துது," என்று யாரோ சிரித்தார்கள்.

தமிழரசன் இன்னொரு குச்சியைக் கிழித்தான். ஜோதிமணி சரவெடியின் மேல் ஏறி நின்றாள். சுடர் அவன் விரலை நோக்கி ஊர்ந்தது. அக்காள் காலை எடுக்கவில்லை. தம்பி கையை உதறவில்லை.

"தமிழு."

தலைமாட்டிலிருந்து அம்மா வெங்கடம்மா.

"உங்கப்பன் ஷெட்டுல தும்மல் வந்தாக்கூட மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுவாரு. சும்மா தூக்குங்கடா. மேளத்தை ரோட்டுக்கு அந்தாண்ட வெச்சுக்குங்க."

குச்சி மண்ணில் விழுந்தது.

பாடை எழும்பியதும் பெண்களிடமிருந்து அழுகை வெடித்துக் கிளம்பியது. வெங்கடம்மா திரும்பி உதட்டில் விரல் வைத்தாள். பிறகு தன் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

ஷெட்டை ஒட்டிய மண்பாதையில் வெறும் காலடி ஓசை. யாருடைய செல்போனோ அலறியது. "அமுக்குடா அதை!" என்று கிசுகிசுப்பாகச் சீறியவர் பொன்னுசாமி. முன்னால் கொள்ளிச்சட்டியோடு நடந்த தமிழரசன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. ஜோதிமணி ஷெட்டுக்குள் நுழைந்தாள்.

ஒரு கோழி வாலைத் தாழ்த்திப் பாதி எழுந்து நின்றது. கண் சொருகியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். நெடுஞ்சாலைக்கு அப்பால் மேளத்தின் முதல் அடி மெல்லக் கேட்டது. கோழி கழுத்தை நீட்டிக் காது கொடுத்தது. பிறகு மறுபடி குனிந்து முக்கியது.

ஈரம் காயாத முட்டை கம்பிச் சரிவில் உருண்டு வந்து நின்றது.

பக்கத்துக் கூண்டில் இன்னொன்று எழத் தொடங்கியிருந்தது. ஜோதிமணியின் கன்னத்தில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவள் கையைத் தூக்கவில்லை.