ஏழாம் நம்பர் மலைப் புலி

கந்தப்பன் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அந்தப் படம் எப்போதோ என் கடைச் சுவரில் தொங்கியிருக்கும்.

இலங்கை மலையகத்துக் கினிகத்தேனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மஃறூப் நானா என்றால் எல்லாருக்கும் தெரியும். கலியாணப் படமும் அடையாள அட்டைப் படமும் எடுத்தே என் ஆயுள் போயிற்று. ஆனால் விடிந்ததும் கடையை மனைவி பௌசியாவின் தலையில் கட்டிவிட்டு, கெமராவோடு தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிவிடுவேன். காட்டுக்கோழி, மரை மான், மரஅணில் எல்லாம் எடுத்தாயிற்று. ஏழாம் நம்பர் மலை உச்சிப் பாறைக்கு வெயில் காய வரும் புலி மட்டும் சிக்கவில்லை. சிறுத்தையைத்தான் இங்கே புலி என்போம்.

சிக்கவிடாதவன் கந்தப்பன். அந்த மலைக்குக் கங்காணி, எனக்கு உயிர்ச் சிநேகிதன். கொழுந்தெடுக்கும் பெண்களைத் தேயிலைக்குள் விடுமுன் அடிவயிற்றிலிருந்து ஒரு கூப்பாடு போடுவான்.

"ஓஓஓ... எந்திரிச்சுப் போ சாமீ! புள்ளைங்க வருதுக!"

பெண்கள் எல்லாரும் சேர்ந்து "ஓஓஓ" என்று பதில் கொடுப்பார்கள். உள்ளே படுத்திருக்கும் புலியோ பன்றியோ விலகிப் போவதற்காக அப்படி. என் புலியும் அத்தோடு போய்விடும்.

"ஒரே ஒரு நாள் கத்தாம இரேன்டா, பாவி!"

"படம் போனாப் போகுது நானா. போன புள்ளைங்க திரும்பி வரணும்ல?"

வெற்றிலை வாயோடு சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்புறம் அவனுடைய ரொட்டியில்தான் பாதியைத் தின்பேன். மழை பிடித்தால் இரண்டு பேரும் ஒரே பொலித்தீனுக்குள் ஒடுங்கிக்கொண்டு, மழை விடும்வரை சண்டை போடுவோம். அந்தக் காலை நேரங்களைப் போல எனக்கு வேறொன்றும் வாய்க்கவில்லை.

கந்தப்பன் மௌத்தாகி, மண்ணுக்குள் போய்ச் சில வருஷமாகிறது. ஏழாம் நம்பரையும் தோட்டம் கைவிட்டுவிட்டது. தேயிலை மரமாக வளர்ந்து காடாகிக் கிடக்கிறது. கத்த ஆளில்லை. படம் எடுக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன அமைதி எனக்குப் பிடிக்கவேயில்லை.

இந்த முழங்காலோடு இனி மலை ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்னார். கடைசியாக ஒரு தடவை என்று போன வாரம் புறப்பட்டேன்.

"ஒங்களப் பாத்து அந்தப் புலிதான் பாவப்படணும்" என்றாள் பௌசியா.

பாவப்பட்டதோ என்னவோ, வெயில் சாயும்போது வந்தது. யா அல்லாஹ், என்ன அழகு! எனக்கு முதுகைக் காட்டிப் பாறையில் படுத்துக்கொண்டது. தலையைப் புதர் மறைத்தது. அது எழுந்து நின்றால் முழுப் படம். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

திடீரென்று அதன் உடம்பு இறுகியது. கீழே பார்த்தேன். பாறைக்கு அடியால் போகும் ஒற்றையடிப் பாதையில், தலையில் விறகுக் கட்டோடு லெட்சுமி ஏறி வந்துகொண்டிருந்தாள். கந்தப்பனின் மகள். குனிந்த தலை நிமிரவில்லை.

அவள் இன்னும் நெருங்கினால் புலி எழுந்துவிடும். எனக்குப் படம் கிடைத்துவிடும். விரல் பொத்தானில்தான் இருந்தது. அவளுக்கு என்ன ஆகும்?

கெமராவை விட்டுவிட்டு எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஓஓஓ... எந்திரிச்சுப் போ சாமீ! புள்ளைங்க வருதுக!"

புலி ஒரே தாவலில் காட்டுக்குள் மறைந்தது. வெறும் பாறைதான் மிச்சம். கீழே விறகுக் கட்டு விழும் சத்தம் கேட்டது. பிறகு, நடுங்கிக்கொண்டு ஒற்றைக் குரல்.

"ஓஓஓ..."

மூச்சிரைக்க ஏறி வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்களா நானா? எங்கப்பான்னுல்ல நெனச்சேன்!"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெறும் பாறையையும் என் கெமராவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"புலி வந்துச்சா?"

"வந்துச்சு."

"படம் எடுத்தாச்சா நானா?"

"எங்க புள்ள, ஒங்கப்பன் விட்டாத்தானே!"