மேலே உள்ள படத்தில்

மார்ச் 12, செவ்வாய். படங்களை நோட்புக்குக்குள் பதிக்காமல், அவை என் கம்ப்யூட்டரில் இருக்கும் இடத்தை மட்டும் குறித்திருந்தேன். சிறிய தவறு.

டைரியில் இப்படி எழுதிவிட்டு, 'சிறிய' என்பதை அடித்தாள். பிறகு அதையே திரும்ப எழுதினாள். எதையும் அடிக்கோடிடாமல் விடமாட்டாள் என்பதால் மாலை வகுப்பில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். கணக்கும் விளக்கமும் படமும் ஒரே பக்கத்தில் ஓடும் கம்ப்யூட்டர் நோட்புக்குகளில் பாடம் தயாரிக்கப் பழக்கும் வகுப்பு அது. நன்றாகச் செய்பவருக்குப் புதிய பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு எடுக்கும் வாய்ப்பு கிடைக்கும். அதற்காகத்தான் பகல் வேலை முடிந்த களைப்பிலும் விழுந்து விழுந்து தயாரித்தாள். தலைப்புகளைத் தடிமனாக்கினாள், சூத்திரங்களைத் தனி வரியில் நடுவே நிறுத்தினாள், வளைகோட்டைத் தொட்டுச் செல்லும் சிவப்புக் கோட்டைத் தானே வரைந்து சேர்த்தாள்.

கூடவே படிக்கும் அக்காவுக்கு முந்தின நாளே அனுப்பியும் வைத்தாள்.

"உன் கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியா தெரியுதான்னு பாருக்கா."

"பாத்தேன்டி. கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு."

மறுநாள் அவள் பாடம் நடத்திக் காட்ட எழுந்தபோது, வகுப்புத் திரையில் படங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள்.

சார் நிறுத்தச் சொல்லவில்லை. "படிங்கம்மா."

"மேலே உள்ள படத்தில், சிவப்புக் கோடு..."

"எங்க, தொட்டுக் காட்டுங்க."

காட்டினாள். வெள்ளைத் திரையில் அவள் விரலின் நிழல்தான் விழுந்தது.

"அருமையான கோடு. பின்னாடி இருக்கவங்களுக்குத் தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது சார்," என்றான் கடைசி வரிசைக்காரன். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அக்காவும்தான்.

"அடுத்த படம்," என்றார் சார். கடைசிக் கட்டம் வரை விடவில்லை.

ஒரு படம்கூட இல்லாத அக்காவின் நோட்புக் பிசகில்லாமல் ஓடியது. வகுப்பு அக்காவுக்குப் போனது.

வீடு திரும்பும் வழியில் ஸ்கேல் கேட்டாள். "நேத்தே உனக்குப் படம் தெரியல, இல்ல?"

"தெரியல."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா வகுப்பு உனக்குல்ல போயிருக்கும்." அக்காவின் குரலில் கோபம்கூட இல்லை. "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. உன் படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் பாடம்தான் மொட்டையா கிடக்கு. அதுல போட்டுக் குடு."

முடியாது என்ற சொல் தொண்டை வரை வந்தது. சரிபார்க்காதது தன் தப்புதானே என்று தோன்றியதும், வந்த வழியே இறங்கிப் போனது.

டைரியில் தேதிக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு எழுதினாள்:

நாளை: அக்காவின் நோட்புக்கில் என் படங்களைச் சேர்க்க வேண்டும். உள்ளேயே பதிக்க வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.