உர ஸ்டோரில் மூன்று பேர்

கதவு திறக்கவில்லை.

பாஸ்டர் பிரதாப் தோளைக் கொடுத்து மறுபடியும் முட்டினார். வெளிப்பக்கமாகத் திறக்கும் இரும்புக் கதவு ஒரு விரல்கடை நகர்ந்தது. அந்த இடுக்கு வழியே செம்மண் குழம்பு பொங்கி வந்து அவருடைய வெள்ளைக் கால்சட்டையை முழங்கால்வரை நனைத்தது.

"பாஸ்டர், சொவரு! சொவத்தப் பாருங்க!" பூரணி அலறினாள்.

பின்சுவரில், பிரசங்க மேடைக்கு மேலே, கூரையிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. சற்று முன்பு லொறியிலிருந்து கருங்கல் கொட்டியது போல் ஒரு சத்தம் கேட்டதே, அது மண்சரிவு என்று மூவருக்கும் இப்போதுதான் உறைத்தது. சரிந்தது பாதி மலைதான்; அது பக்கவாட்டில் இறங்கி வாசலை அடைத்திருந்தது. மீதி, பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

ராகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிஷனில், மலையை வெட்டிய இடத்தில் கட்டிய பழைய உர ஸ்டோர் அது. கூரை ஒழுகத் தொடங்கியதும் தோட்டம் அதைக் கைவிட்டது. தகரம் மாற்றி, சுண்ணாம்பு அடித்து ஜெபவீடாக்கினார் பிரதாப். கதவு ஒன்றுதான். ஜன்னல் இரண்டு. உர மூட்டை களவு போகாமலிருக்க இரண்டிலும் வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் கம்பிகள்.

ஞாயிறு ஆராதனைக்கு வந்திருந்தவர்கள் மழை வலுக்கும் முன்பே கிளம்பிவிட்டார்கள். இந்த மூன்று பேர் மட்டும் தங்கியதற்குக் காரணம் மேசையில் கிடந்தது. ஒரு தப்பு.

மர வளையத்தில் இழுத்துக் கட்டிய தோல் மேளம். அந்த டிவிஷனில் யார் செத்தாலும், கோயிலில் கொடி ஏறினாலும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னே போனவன் ஜீவராஜ். ஆடி மாதம் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தான். அன்றோடு தப்பைத் தொடுவதில்லை. பழைய வாழ்க்கையை விட்டதற்குச் சாட்சியாக இன்றைக்கு முற்றத்தில் வைத்து அதை எரிப்பதாக ஏற்பாடு. மண்ணெண்ணெய் போத்தலையும் நெருப்புப்பெட்டியையும் கையோடு கொண்டுவந்தவள் அவன் மனைவி பூரணி. மழை விட்டதும் எரிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

மழை விடவில்லை. மலைதான் விட்டுவிட்டது.

"போன் அடிங்க பாஸ்டர்!"

"காலையிலேருந்தே சிக்னல் இல்ல சிஸ்டர்."

"மைக்?"

"கரண்டே இல்லையே."

மூவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பள்ளத்துக்கு அக்கரையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் தெரிந்தன. யார் வீட்டு அடுப்புப் புகை என்றுகூடச் சொல்லிவிடலாம், அத்தனை பக்கம். ஆனால் தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்கவில்லை.

மேடைப் பக்கம் ஒரு செங்கல் விழுந்தது. அது விழுந்த ஓட்டையிலிருந்து சேறு வடிந்தது.

பூரணியின் கண் மேசைக்குப் போனது.

"ஏங்க. அடிங்க."

"என்னாத்த?" என்றான் ஜீவராஜ்.

"தப்பத்தான். ஒங்க அடி ராகலை டவுனு வரைக்கும் கேக்கும்னு பீத்திக்குவீங்கல்ல? இந்தா இருக்கிற லயத்துக்குக் கேக்காதா?"

"டவுனு மட்டுமா? ஒரு தடவ காத்து இந்தப் பக்கம் அடிச்சப்ப நுவரெலியா ரோட்டுல போன பஸ்ஸே..." பெருமையில் ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். கைகள் தானாக முதுகுக்குப் பின்னால் போயின. "மாட்டேன்."

"என்னாது?"

"மாட்டேன் பூரணி. நான் ஆண்டவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இப்புடியே செத்தா நேரா பரலோகம். அதத் தொட்டுட்டுச் செத்தா? பழைய ஜீவராஜ் செத்துட்டான்னு பாஸ்டரே சொல்லியிருக்காரு. செத்தவன எழுப்பச் சொல்றியா?"

"ஆமா, நீங்க ஜம்முனு மேல போயிருவீங்க. நான்? எனக்கு இன்னும் ஞானஸ்நானமே ஆகல." அவள் பிரதாப்பின் பக்கம் திரும்பினாள். "பாஸ்டர், நெசத்தச் சொல்லுங்க. இப்ப இந்தச் சொவரு விழுந்தா நான் எங்கிட்டுப் போவேன்?"

இந்தக் கேள்விக்குப் பிரதாப் யோசிக்க வேண்டியதில்லை. ஹட்டனில் வேதாகமப் பள்ளியில் படித்ததும், வாராவாரம் இங்கே பிரசங்கித்ததும் இதைத்தான்.

"சிஸ்டர், இயேசு ஒங்க பாவத்துக்காகச் சிலுவையில செத்தாரு, திரும்ப உயிரோட எழும்புனாரு. அத நம்புறீங்களா?"

"நம்பாமத்தான் இந்த மழையில வந்து ஒக்காந்திருக்கேனா?"

"அப்ப பயப்படாதீங்க. தண்ணி யாரையும் காப்பாத்தாது. ஞானஸ்நானம் உள்ளுக்குள்ள நடந்ததுக்கு வெளியில ஒரு அடையாளம், அவ்வளவுதான். காப்பாத்துறது கிருபை. நம்ம செஞ்சதுக்குக் கூலி இல்ல அது. சும்மா குடுக்கிறது."

பூரணி ஒரு மூச்சு விட்டாள். பிறகு கேட்டாள்:

"தண்ணி காப்பாத்தாதுன்னா, தோலு மட்டும் எப்புடிங்க கெடுக்கும்?"

பிரதாப் மேசையில் கிடந்த தப்பைப் பார்த்தார்.

பின்னால் மலை அழுத்துகிறது. முன்னால் கதவு அடைபட்டிருக்கிறது. இப்போது அவருடைய பிரசங்கமே அவரை மூலையில் நிறுத்திவிட்டது. தப்பை எரித்தால்தான் முழு விடுதலை என்று ஜீவராஜிடம் சொன்னது யார்? அவர்தான். வேதத்தில் எங்கே இருக்கிறது அது? மத்தளம் கொட்டித் துதிப்பதுதான் அதில் இருக்கிறது. எரிக்கச் சொன்னது வேறொன்று. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் அவருடைய அப்பாவும் தப்படித்தவர். சின்ன வயதில் பிரதாப் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் பையன்கள் மேசையில் அந்தத் தாளத்தைத் தட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சத்தத்தைத்தான் இத்தனை வருடம் கழித்து எரிக்கப் பார்த்தார்.

இன்னும் இரண்டு செங்கல் விழுந்தன. சேறு பெஞ்சுக்கால்களைத் தொட்டது.

"அண்ணே," என்றார் பிரதாப். இதுவரை அவர் ஜீவராஜை பிரதர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "அந்தத் தப்ப எரிக்கணும்னு சொன்னது நான். ஆண்டவர் சொல்லல. அவரு குடுத்ததோட நான் ஒரு நிபந்தனையச் சேத்துட்டேன். பிழை என்னோடது."

ஜீவராஜ் அவரை உற்றுப் பார்த்தான்.

"இது நெசமா பாஸ்டர், இல்ல உசுருப் பயத்துல சொல்றீங்களா?"

"பயமும் இருக்குண்ணே. நெசமும் இதுதான்."

"நாளைக்கு உசுரோட இருந்தா மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"யோவ், எடுய்யா மனுசா!" என்று பூரணி கத்தினாள். "கோர்ட்டுல கேக்கிற மாதிரி கேட்டுக்கிட்டு நிக்கிறாரு!"

ஜீவராஜ் தப்பை எடுத்தான். தோளில் மாட்டினான். குச்சியால் ஒரு தட்டு தட்டினான்.

தொப்.

ஈரச் சாக்கை அடித்தது போலிருந்தது. மூவருமே லயத்தில் பிறந்தவர்கள். காரணம் மூவருக்கும் தெரியும். குளிரில் தோல் ஊறித் தொங்கிப் போயிருந்தது. தீயில் காய்ச்சி முறுக்கேற்றினால்தான் தப்பு வாய் திறக்கும்.

பூரணி மண்ணெண்ணெய் போத்தலைத் தூக்கிக் காட்டினாள். அதை எரிக்கக் கொண்டுவந்த நெருப்பு கையிலேயே இருந்தது. ஆனால் எதைப் போட்டுக் கொளுத்துவது? பெஞ்சு, பாய், திரைச்சீலை, பாட்டுப் புத்தகம் எல்லாம் வெடிப்பு வழியே கொட்டிய தண்ணீரில் நனைந்து ஊறிக் கிடந்தன. பிரதாப் சுவர் அலுமாரியைத் திறந்தார். பொலித்தீன் சுற்றிய இரண்டு பொருட்கள் மட்டும் காய்ந்திருந்தன. ஒன்று அவருடைய வேதாகமம். இன்னொன்று, போன வாரம்தான் அச்சாகி வந்த துண்டுப் பிரசுரக் கட்டு. வேதம் தேவனுடைய வார்த்தை, தேவன் ஒருவரே, சிலுவை, கிருபை, மறுபிறப்பு, கர்த்தர் திரும்ப வருவது என்று தங்கள் நம்பிக்கை முழுவதையும் அவரே உட்கார்ந்து எழுதி, 'நாங்கள் விசுவாசிப்பவை' என்று தலைப்புப் போட்டது.

"வேதத்துல கைய வச்சீங்க..." ஜீவராஜ் குறுக்கே பாய்ந்தான்.

"இது நோட்டீஸ்ண்ணே."

"அதுலயும் ஆண்டவரு பேரு இருக்கே!"

"அவரு பேரு கடுதாசியில மட்டும் இல்ல." பிரதாப் அந்தப் பிரசுரக் கட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தார்.

மேசைமேல் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, தாள்களைக் கசக்கிப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். புகை சூழ்ந்தது. மூவரும் இருமினார்கள். ஜீவராஜ் தப்பைத் தீக்கு மேலே பிடித்து, தோசை திருப்புவது போல் திருப்பித் திருப்பிக் காய்ச்சினான். விரலால் சுண்டினான். மறுபடியும் காய்ச்சினான்.

டங்!

"எந்த அடி அடிக்கட்டும்? கோயில் அடியா?"

"அத அடிச்சா, அல்லேலூயாக்காரன் பழையபடி தண்ணியப் போட்டுட்டான்னு சிரிச்சுக்கிட்டுப் போயிருவாங்க. சாவு அடி அடிங்க. அதுக்குத்தான் எல்லாரும் வெளியில வருவாங்க" என்றாள் பூரணி.

ஜீவராஜ் ஜன்னலோரம் பெஞ்சில் ஏறி நின்றான். கண்ணை மூடினான். உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு குச்சிகள் இறங்கின.

அந்த அடி மழையைக் கிழித்துக்கொண்டு போனது. பள்ளத்தில் விழுந்து எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. பிரதாப் திரும்பி ஜீவராஜின் கையைப் பார்த்தார். அப்பாவின் கை!

"வாராங்க!" பூரணி கம்பியில் முகத்தை அழுத்தினாள். லயக் கதவுகள் திறந்தன. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். குடைகள் ஓடின.

ஆனால் இந்தப் பக்கம் அல்ல. எல்லாரும் மேல்லயத்தை நோக்கி ஓடினார்கள்!

"எங்க போறாங்க?" என்றார் பிரதாப்.

பூரணி தலையில் கை வைத்தாள். "ஐயையோ! தலைவர் வீட்டுக்குப் போறாங்க!"

தோட்டத் தலைவர் கந்தப்பன்தான் கோயில் கமிட்டிக்கும் தலைவர். தீபாவளியிலிருந்து அவருடைய அப்பா மாயாண்டி படுத்த படுக்கை. இன்றைக்கோ நாளைக்கோ என்று டிவிஷனே காத்திருந்தது. பள்ளத்தில் எதிரொலித்த சாவு அடி எந்தப் பக்கமிருந்து வந்ததென்று யாரும் யோசிக்கவில்லை. யாருக்காக என்பதை மட்டும் அவர்களே முடிவுசெய்துவிட்டார்கள்.

ஜீவராஜின் கை தளர்ந்தது.

"நிறுத்தாதீங்கண்ணே!"

கட்டின் கடைசித் தாளும் டின்னுக்குள் போனது. பின்சுவர் வயிறு தள்ளியது. சேறு முழங்காலைத் தொட்டது. தோல் குளிர்ந்து, அடி மறுபடியும் மந்தமாகிக்கொண்டே வந்தது. தாள் இல்லை. மண்ணெண்ணெய் தீரப்போகிறது. பூரணி கண்ணை மூடிக்கொண்டு 'இயேசப்பா, இயேசப்பா' என்றாள். வேறு ஜெபம் அவளுக்கு வரவில்லை.

அப்போதுதான் கீழே, பாதையில், ஒரு கர்ஜனை.

"டேய் ஜீவராஜ்! எங்கப்பன் உசுரோட இருக்கையில சாவு மேளம் அடிக்கிறியா? ஊரே வீட்டுக்குள்ள வந்து நின்னு ஒப்பாரி வைக்குது, அந்த மனுசன் எந்திரிச்சு, 'யாருக்குடா அடிக்கிறாங்க, எனக்கா'ன்னு கேக்கிறாரு! ஒன் கைய ஒடைக்காம..."

கந்தப்பன் வளைவைத் திரும்பினார். கையில் தடி. பின்னால் நாலைந்து பேர். ஸ்டோர் நின்ற இடத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார். கதவு இருந்த இடத்தில் மண்மேடு. ஜன்னலில் மூன்று முகங்கள்.

"தலைவரே," என்றான் ஜீவராஜ், "கைய அப்புறம் ஒடைங்க. மொதல்ல கம்பிய ஒடைங்க."

தடி கீழே விழுந்தது. "அலவாங்கு கொண்டாங்கடா! ஓடு!"

அலவாங்கு வந்தது. நான்கு பேர் அந்தக் கடப்பாரையைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒரு கம்பி வளைந்தது. இன்னொன்று சிமெந்தோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பூரணியை இழுத்தார்கள். அடுத்து ஜீவராஜ், தோளில் மாட்டிய தப்பு இடுக்கில் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து பிரதாப் அதைக் கழற்றி, சாய்த்து, வெளியே தள்ளினார். கந்தப்பன் வாங்கிக்கொண்டார். கடைசியாகப் பிரதாப், நெஞ்சில் வேதாகமத்தோடு. அவர் கால் தரையைத் தொட்டு, எல்லாரும் பாதைவரை ஓடியிருப்பார்கள்.

தகரக் கூரை ஒரு முறை முனகியது. பிறகு உர ஸ்டோர் இல்லை.

கந்தப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்னா பாஸ்டர், காப்பாத்துனது ஒங்க இயேசுவா, எங்க தப்பா?"

பிரதாப்புக்கு முன்னால் ஜீவராஜ் முந்திக்கொண்டான். "தப்புச் சத்தம் கேட்டு எல்லாரும் ஒங்க வீட்டுக்குல்ல ஓடுனாங்க தலைவரே! ஒங்களக் கோவத்தோட இங்க அனுப்புனது யாருன்னு நெனைக்கிறீங்க?"

"வாயப் பாரு!" என்றார் கந்தப்பன். ஆனால் தப்பை நனையாமல் தன் சாக்குக்குள் மூடிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

லயத்துக்குப் போகும் பாதையில் ஜீவராஜ் வேண்டுமென்றே பின்தங்கி, பிரதாப்போடு சேர்ந்துகொண்டான். பற்கள் குளிரில் தந்தியடித்தன.

"பாஸ்டர், நான் இன்னும் இரட்சிக்கப்பட்டவன்தானே?"

"ஆமாண்ணே."

"நோட்டீஸ்ல இருக்குதா அது?"

"இருந்திச்சு. எரிச்சிட்டோம்."

"அப்ப வாயால சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

பிரதாப் மழையில் நின்றார். அவரே எழுதிய வரி, ஆனால் எழுதிய மாதிரி இப்போது ஞாபகம் வரவில்லை. வந்த மாதிரி சொன்னார்.

"மனுசன் இரட்சிக்கப்படுறது அவன் செஞ்சதுனால இல்ல. இயேசு செஞ்சதுனால."

ஜீவராஜ் இரண்டடி நடந்தான். திரும்பினான்.

"அடுத்த தடவ அச்சடிக்கையில, அவன் செய்யாம விட்டதுனாலயும் இல்லன்னு ஒரு வரி சேத்துக்குங்க."

முன்னால் போய்க்கொண்டிருந்த பூரணி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"கொஞ்சம் கூடுதலாவே அடிங்க பாஸ்டர். தப்புக் காய்ச்சவும் வேணும்ல."