ஒன்பது வாரப் பிளாஸ்திரி

குளிப்பாட்டுவதற்காக நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த சின்னையனின் பிணத்திலிருந்து, தோளில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தம்பி தீனதயாளன் நகத்தால் உரித்தெடுத்தான். சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினான்.

"இதாம்பா எங்கண்ணன முடிச்சது. முப்பது வருசம் ஊதிக்கினு நல்லாத்தான் இருந்தாரு. வுட்டாரு, போய்ட்டாரு."

புருஷன் தலையில் சீயக்காய் வைத்துக்கொண்டிருந்த காசியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுக் காலை மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அடைப்பு பல வருடப் புகையில் வந்தது என்று டாக்டர் சொன்னபோது இந்த மகராசனும் பக்கத்தில்தான் நின்றான். காதை எங்கே கழற்றி வைத்திருந்தானோ.

சிகரெட்டை விடுவதற்கு ஒட்டிக்கொள்கிற நிகோடின் பிளாஸ்திரி அது. ஆரம்பித்த முதல் நாள் சின்னையன் அதைத் தொண்டையில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சிகரெட்டு கேக்கறது தொண்டதான?" என்றார்.

காசியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீயாவது வுடறதாவது" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சொல்லிவிட்டு, அதைப் பிய்த்துத் தோளில் ஒட்டிவிட்டதும் அவள்தான். அப்புறம் தினமும் காலையில் அவள் கைதான் ஒட்டியது. பெரியது முடிந்து நடுத்தரம், அது முடிந்து சின்னது. ஒன்பது வாரம், ஒரு சிகரெட் கிடையாது. டாக்டர் சொன்ன பத்து வாரத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் பாக்கி. அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

தீனதயாளன் டீக்கடையில் அண்ணன் மூஞ்சியிலேயே ஊதுவான். "ஐயா ஸ்டிக்கர் ஒட்டிக்கினு வந்துட்டாருப்பா" என்று ஆள் சேர்த்துச் சிரிப்பான். அவனும் புது வருஷத்துக்குப் புது வருஷம் விடுகிறவன்தான்; பொங்கல் வரை தாங்கியதில்லை. தன்னால் ஆகாததை அண்ணன் செய்தது வயிற்றெரிச்சல், வேறென்ன.

பிணத்தைப் பாடையில் படுக்கவைத்ததும் தீனதயாளன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தான். பற்றவைத்து, நன்றாக இரண்டு இழுப்பு இழுத்து, அண்ணன் உதட்டில் செருகினான். அந்தத் தெருவில் அது வழக்கம்தான். குடிக்கிறவன் வாயில் இரண்டு சொட்டு பிராந்தி, ஊதுகிறவன் வாயில் ஒரு சிகரெட். யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை.

காசியம்மாள் அதைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தாள்.

"அவரு வுட்டுட்டாரு, தயாளு."

"செத்தவருக்கு இனிமே இன்னா அண்ணி வந்துடப் போவுது? ஆசப்பட்டத வெச்சி அனுப்பலாமே."

"அது உன் ஆச. நீ சாவும்போது வெச்சிக்கோ."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தீனதயாளன் திரும்பி மேளக்காரர்களுக்குக் கை காட்டினான். மேளம் எழும்பியது. தூக்குவதற்கு நாலு பேர் குனிந்தார்கள்.

காசியம்மாள் அவர் முகத்தருகே போனாள். வாயில் சிகரெட் நாற்றம் அடித்தது.

முந்தானையைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்தாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி நனைத்தாள்.

"நேரமாவுது அண்ணி."

குனிந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். அவள் முந்தானையைப் பிழிந்து, விரலில் சுற்றி, அவருடைய கடைவாய் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.